பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்

முறிந்த எலும்புக்குப் போடும் மாவுக்கட்டுக்கும் பொது இடங்களில் நிற்கும் வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை வார்க்குமுன் செய்யும் மாதிரி வடிவத்துக்கும் மூலப்பொடி ஒன்றே. ‘பிளாஸ்டர்’ என்பதன் வேர் ‘எம்பிளாஸ்ட்ரான்’ என்ற கிரேக்கச் சொல்; காயத்தின் மேல் போடும் பற்று என்று பொருள். சுவர்ப்பூச்சுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியெடுத்ததால் ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஜிப்சத்தை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்தப் பொடி தண்ணீர் பட்டதும் சூடேறி இறுகும், இம்மியளவு விரியவும் செய்யும். சிற்பி களிமண்ணில் செய்த உருவின் மேல் அதைப் பூசி அச்செடுத்தால், களிமண்ணில் பதிந்த விரல்ரேகைகூட அச்சில் ஏறிவிடும்.

அச்சின் முதல் பூச்சில் மட்டும் சிற்பிகள் சாயம் கலப்பார்கள். களிமண்ணை எடுத்துவிட்டு, உள்ளே புதுப் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியபின் அச்சை உளியால் உடைப்பார்கள். சாயம் தெரிந்ததும் கை மெதுவாகும். அடுத்த அடுக்கு சிற்பம். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

பாஸ்டனில் 1897இல் திறக்கப்பட்ட, அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஷாவின் வெண்கல நினைவுச் சின்னத்தில் கறுப்பினப் படைவீரர்கள் அணிவகுக்கிறார்கள். வெண்கலத்தில் வார்த்த பிறகும் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் அதன் பிளாஸ்டர் வடிவத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். அதை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் பார்க்கலாம்.