கடலை இழந்தவன் கண்ட ஊர்வலம்

கண்டி இராச்சியத்தின் கடைசி நூறு ஆண்டுகளில் கலையின் பெயரால் நினைக்கப்படும் மன்னன் ஒருவன் உண்டென்றால் அவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். சகோதரி கண்டி அரசனுக்கு வாழ்க்கைப்பட்டதால் சிறு வயதிலேயே மலைநாட்டுக்கு வந்து, 1747 முதல் 1782 வரை ஆண்டான். தம்புள்ளைக் குகைகளுக்கு மறுபடி வண்ணம் ஏறியதும், தெகல்தொருவைக் குகைச் சுவர்களில் சில்வத்தன்ன என்ற ஓவியர் வேலையைத் தொடங்கியதும் இவன் காலத்தில்தான். இராச்சியத்தின் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுத்தவனும் இவனே. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், நாடு கைவிட்டுப் போகும்போது இவன் சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. கண்டி நகரத்துக்குள் நின்று பார்த்தால் அது எளிதில் தெரியாது. அவன் இறந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து, கண்டியிலிருந்து பல நாள் நடைதூரத்தில் இருந்த ஊவாவில் நடந்ததைப் பார்த்தால்தான் அவன் செய்த காரியத்தின் பலன் தெரியும்.

முதலில் அவனுடைய கைக்கு எட்டியது எது, எட்டாதது எது என்று பார்க்கவேண்டும். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையோடு கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடினார். நோயும் பட்டினியும் மலைக்காட்டுப் போரும் அந்தப் படையைத் தங்கவிடவில்லை. ஆனாலும் 1766 பெப்ரவரி உடன்படிக்கையில் தீவின் கரையோரம் முழுவதும் ஒரு பட்டைபோல ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஊவாவுக்கு இதன் பொருள் மிகவும் கண்கூடானது. கிழக்கிலும் தெற்கிலும் இருந்த உப்பளங்களிலிருந்து பொதிமாடுகளில் மேலேறி வந்த உப்புக்கும் கருவாட்டுக்கும் இனி அந்நியன் காவல் காக்கும் கரை. துறைமுகம் இல்லாதவன் பீரங்கியை எந்த வழியாக வாங்குவான்? அதற்கு முன்பே, 1762இல், சென்னைப்பட்டணத்திலிருந்து பைபஸ் என்ற ஆங்கிலத் தூதர் வந்தார், பேசினார், போனார், உதவி வரவில்லை. ஓவியத்துக்குச் செலவழித்ததைத் துப்பாக்கிக்குச் செலவழித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இந்தக் கரையை மறந்துவிடுகிறார்கள்.

அவனிடம் மிஞ்சியிருந்தவை மலைகளும், அவற்றில் வாழ்ந்த மக்களின் மனமும். அந்த மனமும் முழுதாக அவன் பக்கம் இல்லை. நெற்றியில் திருநீறு பூசும் சைவன் பௌத்த நாட்டை ஆள்வதா என்ற முணுமுணுப்பு 1760இல் சதியாகவே முற்றியது; அவனைக் கொன்று ஒரு சியாம் இளவரசனை அரியணையில் ஏற்றப் பிரபுக்கள் சிலர் திட்டமிட்டார்கள். வெலிவிட்ட சரணங்கரர் என்ற பெருந்துறவியின் பெயரும் அதில் அடிபட்டது. பிரபுக்களைத் தண்டித்த மன்னன் துறவியை மன்னித்தான். அதற்கு ஏழாண்டு முன்பு, 1753இல், சியாமிலிருந்து உபாலி தேரரை அழைத்து அற்றுப்போயிருந்த துறவற மரபை மீட்டவர்கள் இந்த இருவர்தான். ஓவியங்களும் இதே முயற்சியின் பகுதி. சிவப்புப் பின்னணியில் பட்டை பட்டையாக நீளும் ஜாதகக் கதைகள், கீழே ஒரு வரி விளக்கம். எழுத்துத் தெரியாத உழவனும் கண்ணால் படித்துப்போகும் புத்தகம் அது. எல்லாவற்றிலும் பெரியது ஊர்வலம். எசல பெரஹரா அதுவரை நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களுக்கு உரியது. கதிர்காமத் தெய்வம் நம் முருகன், பத்தினி நம் கண்ணகி. அந்தத் தெய்வங்களுக்கு முன்னால் புத்தரின் புனித தந்தத்தை யானைமேல் ஏற்றி நடத்தியவன் இந்தச் சைவ மன்னன். நடனம், மேளம், தீவட்டி, பட்டு, வெள்ளி எல்லாம் கூடி அரசாட்சி என்பதைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் பொருளாக்கின.

இனி ஊவா. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஈராண்டு கழித்து வெல்லஸ்ஸைப் பகுதியில் துறவிக் கோலத்தில் ஒருவன் தோன்றினான். தன் பெயர் துரைசாமி, நாயக்க அரச குலத்தவன், கதிர்காமத் தெய்வமே தன்னை அரசனாக்கியது என்றான். உண்மையில் அவன் வில்பாவையைச் சேர்ந்த முன்னாள் துறவி. விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் 1817 செப்டம்பரில் கொல்லப்பட்டார். அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை (மாகாணத் தலைவர்) கெப்பெட்டிப்பொல கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலேயர் புதிதாக நியமித்த அலுவலர்மீது தலைவர்களுக்கு இருந்த கோபம் போன்ற உடனடிக் காரணங்கள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிங்கள உழவன் தமிழ்ப் பெயர் சொன்ன ஒருவனை ஏன் அரசனாக ஏற்றான்? அடுத்ததைப் பாருங்கள்: கிளர்ச்சியின் நடுவே தந்தம் கண்டியிலிருந்து இரகசியமாக வெளியேற்றப்பட்டது. 1818இன் இறுதியில் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியபோது, தந்தத்தை வைத்திருப்பவனுக்கே நாடு என்று மக்கள் நம்பியதை மருத்துவர் ஜோன் டேவி பதிவுசெய்தார். அந்தத் தந்தமும் கதிர்காமத் தெய்வமும் நாயக்க அரசனும் ஒன்றாய் நடந்துபோனதை அரை நூற்றாண்டு பார்த்த நாடு இது. போர்க்கொடியில் அந்த மூன்றும் மறுபடி ஒன்றாகத் தோன்றியதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தந்தத்தை அரசுரிமையோடு இணைத்தது இவனல்லவே, பழைய சிங்கள வழக்கமல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மாளிகைக்குள் இருந்த உரிமைச் சின்னத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஆண்டுதோறும் எல்லோர் கண்ணிலும் நிறுத்தியது இவன் செயல். இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்றுண்டு: இந்த அழகெல்லாம் யார் உழைப்பில்? இராஜகாரியம் என்ற ஊழியக் கடமையில் நிலம் உழுதவர்களும் சுமை சுமந்தவர்களும் தாங்கியது இது. அதை மறைக்கக்கூடாது. ஆயினும் ஒரு வேறுபாட்டைப் பார்க்கவேண்டும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அழகை நேசித்தவன்; கண்டி ஏரியும் எண்கோண மண்டபமும் அவனுடையவை. ஏரிக்காகக் கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட உழைப்பு வெறுப்பாய்த் திரும்பியது. 1815இல் பிரபுக்கள் அவனைக் கைவிட்டார்கள். ஏரி அரசன் பார்க்க அமைந்தது, பெரஹரா ஊரே நடக்க அமைந்தது. 1815 கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவில் பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக ஆங்கிலேயரே வாக்களிக்க நேர்ந்ததும், அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதைக் காட்டுகிறது.

கிளர்ச்சிக்கு ஊவா கொடுத்த விலை பெரிது. வீடுகளும் தானியமும் எரிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன, 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிப்பொலவின் தலை வெட்டப்பட்டது. கடைசி மன்னன் 1832 ஜனவரியில் வேலூரில் சிறையிருந்தபடியே இறந்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் ஊவாவின் மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. பின்பு அப்புத்தளையிலும் பசறையிலும் நமுனுகுலைச் சாரலிலும் தேயிலை. அவற்றில் வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டின் மதுரை, திருச்சி, சேலம் பக்கத்து மக்கள். நாயக்க மன்னர்கள் புறப்பட்ட அதே நாட்டிலிருந்து, இந்த முறை பல்லக்கு இல்லாமல் கால்நடையாக. பதுளை நகரின் கதிர்காம தேவாலயத்தில் அவர்கள் கண்ட தெய்வத்துக்கு அவர்களிடமும் ஒரு பெயர் இருந்தது.