வீட்டிற்குள் வரும் பாம்பும் தமிழ்நாட்டு மக்களும்

வீட்டிற்குள்ளும் தோட்டத்திலும் எதிர்பாராமல் வரும் பாம்பைத் தமிழ்நாட்டு மக்கள் எதிர்கொண்ட முறை, கடந்த ஏறத்தாழ 250 ஆண்டுகளில் பல மாற்றங்களை அடைந்துள்ளது. வணங்கி விலகுதல், அடித்துக் கொல்லுதல், தோலுக்காகப் பிடித்தல், பிடித்து மீண்டும் காட்டில் விடுதல் என இம்முறைகளை வகைப்படுத்தலாம். இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அல்ல. பல ஊர்களில் இவை எல்லாம் இன்றும் அருகருகே காணப்படுகின்றன. இவ்வரலாற்றில் மருத்துவர்கள், அரசு, சட்டம் ஆகியவற்றோடு இருளர் பழங்குடியினருக்கும் முதன்மையான இடம் உண்டு.

பாம்பு வீட்டை நாடும் காரணம்

பாம்பு மனிதரைத் தேடி வருவதில்லை. இரையையும் மறைவிடத்தையும் தேடியே வருகிறது. நெல் சேமித்த குதிர், வைக்கோற்போர், விறகு அடுக்கு, மாட்டுத்தொழுவம் ஆகியவை எலிக்கு உகந்த இடங்கள். எலி உள்ள இடத்திற்கு நல்ல பாம்பும் சாரையும் வருகின்றன. விளக்கொளியில் கூடும் பூச்சிகளைத் தின்னப் பல்லியும் தவளையும் வர, அவற்றைத் தேடிச் சிறு பாம்புகள் வருகின்றன. மழைக்காலத்தில் வளைகளில் நீர் புகுவதால் பாம்புகள் மேட்டு நிலத்திற்கும் வீட்டுத் திண்ணைக்கும் ஏறிவிடுகின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் ஏற்பட்ட பெருவெள்ளத்தின்போது, பாம்பையே கண்டிராத குடியிருப்புகளிலும் அவை புகுந்தன.

தமிழ்நாட்டில் உயிரிழப்பிற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நான்கு இனங்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிப்பது. அதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு என்பதால், கடிபட்டவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவதும், பின்னர் இமைகள் தாழ்ந்து மூச்சுத் திணறுவதும் உண்டு. கண்ணாடி விரியன் வயல் வரப்பிலும் புல்லிலும் அசையாமல் கிடப்பதால் மிதிபடுகிறது. சுருட்டை விரியன் வறண்ட, கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தில் வாழ்வது.

மரபு வழக்கங்கள்

நல்ல பாம்பு தமிழ்நாட்டில் தெய்வமாக வணங்கப்படுகிறது. புற்றுக்குப் பால் ஊற்றுதல், அரசும் வேம்பும் இணைந்த மேடையில் நாகர் கல் நடுதல் ஆகியவை இன்றும் உள்ள வழக்கங்கள். வீட்டிற்குள் நல்ல பாம்பு வந்தால் அதை அடிக்காமல், கற்பூரம் ஏற்றி வழிவிட்டு நிற்கும் குடும்பங்கள் உண்டு. அதே ஊரில் விரியனைக் கண்டால் தடியெடுப்பதும் வழக்கமாக இருந்தது.

பாம்பு வராமல் இருக்க வாசலில் ஆகாசகருடன் கிழங்கைக் கட்டுவதும், வேலியோரம் சிறியாநங்கை வளர்ப்பதும் பரவலான நம்பிக்கைகள். வெள்ளைப் பூண்டை நசுக்கித் தெளிப்பதும் உண்டு. இவை பாம்பைத் தடுக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, மரத்தில் ஏறி நின்று கடிபட்டவரின் சிதைப் புகையைப் பார்க்கும் என்ற கதையும் அவ்வாறானதே. கொம்பேறி மூக்கனால் மனிதருக்கு ஆபத்து இல்லை.

கடிபட்டவருக்கு மந்திரிப்பது, பச்சிலை கொடுப்பது, விஷக்கல் வைப்பது ஆகியவை ஊர்தோறும் இருந்தன. கடித்த பாம்பு நச்சற்றதாக இருந்தாலும், நச்சுப் பாம்பே நச்சைச் செலுத்தாமல் கடித்திருந்தாலும் நோயாளி பிழைத்துக்கொள்வார். அப்போது புகழ் மந்திரத்திற்குச் சென்றது. உண்மையில் நச்சு ஏறியவருக்கு அங்கே கழிந்த ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்குக் கேடாக முடிந்தது.

தஞ்சாவூர் மாத்திரையும் ரசலின் நூலும்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூர் மாத்திரை என்ற பெயரில் ஒரு பாம்புக்கடி மருந்து தென்னிந்தியாவில் புகழ்பெற்றிருந்தது. பாஷாணம் கலந்த அம்மருந்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களும் பயன்படுத்தினர். அதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் பாட்ரிக் ரசல். சோழமண்டலக் கரையில் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக 1785-இல் அமர்த்தப்பட்ட இவர், விசாகப்பட்டினத்தில் தங்கிப் பாம்புகளைச் சேகரித்தார்.

ரசலின் நோக்கம் எளியது: நச்சுப் பாம்பு எது, நச்சற்றது எது என்று மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பது. சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல், வண்ணப் படங்களுடன் 1796-இல் இலண்டனில் வெளிவந்தது. அப்பகுதி மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் அதில் பதிவு செய்தார். பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தும் பெயர் சொல்லியும் உதவியவர்கள் அம்மண்ணின் மக்களே. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் இன்றும் ரசலின் பெயரைத் தாங்கியுள்ளன.

நச்சுமுறி மருந்தின் வரவு

பாம்புக்கடிக்கு உண்மையான மருந்து கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதற்குத் தூண்டுகோலாக அமைந்ததும் வீடுகளுக்குள் பாம்பு புகுந்த நிகழ்ச்சியே. 1891-இல் வியட்நாமின் சைகோன் நகருக்கு அருகில் வெள்ளம் ஏற்பட்டு, நாகங்கள் ஒரு சிற்றூருக்குள் புகுந்தன. குறைந்தது 40 பேர் கடிபட்டு, 4 பேர் இறந்தனர். அங்கே பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், நாக நச்சைப் பற்றி ஆராயத் தொடங்கி, 1895-இல் முதல் நச்சுமுறி மருந்தை உருவாக்கினார்.

நாகத்திற்குச் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் ஏற்கும் என்று முதலில் கருதப்பட்டது. இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம்ப் என்ற மருத்துவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளால் அக்கருத்து தவறு என்று காட்டினார். விரியனின் நச்சை முறிக்க விரியனின் நச்சிலிருந்தே மருந்து செய்யவேண்டும். இதன் விளைவாகவே, மேற்சொன்ன நான்கு இனங்களின் நச்சுக்கும் சேர்த்துச் செயல்படும் கூட்டு மருந்து இந்தியாவில் வழக்கத்திற்கு வந்தது. சிறிதளவு நச்சைக் குதிரைக்குப் படிப்படியாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து இம்மருந்து செய்யப்படுகிறது. ஆகவே மருந்து வேண்டுமானால் முதலில் உயிருள்ள பாம்பும், அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

தோல் வணிகமும் தடையும்

அவ்வாறு பிடிக்கத் தெரிந்தவர்கள் இருளர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் நீலகிரியிலும் வாழும் இவர்கள், மண்ணில் பதிந்த தடத்தைக் கொண்டே பாம்பின் இனத்தையும் அது சென்ற திசையையும் கூறவல்லவர்கள். சிறு கடப்பாரையால் வளையைத் தோண்டி, வெறுங்கையால் பாம்பை எடுப்பது இவர்களின் முறை. ஆண், பெண் இருபாலரும் இத்தொழிலை அறிந்தவர்கள். கன்னியம்மன் இவர்களின் தெய்வம்; மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் கூடி வழிபடுவது வழக்கம்.

20-ஆம் நூற்றாண்டில் பாம்புத்தோலுக்கு வெளிநாட்டில் தேவை பெருகியபோது, வணிகர்கள் இருளரிடம் தோல் வாங்கினர். கைப்பை, இடுப்புக்கச்சை, செருப்பு ஆகியவற்றுக்காகச் சாரை, நல்ல பாம்பு, விரியன் ஆகியவை பெருமளவில் கொல்லப்பட்டன. இருளருக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு. இலாபம் வணிகரைச் சேர்ந்தது. வயலில் எலியைக் கட்டுப்படுத்திவந்த சாரைப் பாம்பு குறைந்தது உழவருக்கும் இழப்பாயிற்று.

1972-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புகளைக் காத்த இச்சட்டம், இருளரின் பிழைப்பை ஒரே நாளில் குற்றமாக்கியது. நிலமும் கல்வியும் இல்லாத குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கூலிகளாகச் சென்றன. பலர் கொத்தடிமை நிலைக்கும் தள்ளப்பட்டனர்.

இருளர் கூட்டுறவுச் சங்கம்

சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர், இருளரிடமே தொழில் பழகியவர். 1972 முதல் கிண்டியில் இயங்கிவரும் இப்பண்ணை, பாம்பைக் கண்டு அஞ்சிய நகர மக்களுக்கு அதை அருகில் பார்த்து அறியும் வாய்ப்பைத் தந்தது. பாம்பைக் கொல்லாமல் அதன் நச்சை எடுத்து விற்கும் திட்டம் இவரும் இருளரும் சேர்ந்து வகுத்தது. அதன் பயனாக 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் இது இயங்குகிறது. 300-க்கும் மேற்பட்ட இருளர் இதன் உறுப்பினர்களாக உள்ளனர்.

வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் மட்டுமே உறுப்பினர்கள் பாம்பு பிடிக்கலாம். கொண்டுவரும் பாம்பு, வாயைத் துணியால் கட்டிய மண்பானையில் வைக்கப்படும். சில வாரங்களில் நான்கு முறை நச்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, அது காட்டில் விடப்படும். அடையாளம் உள்ள பாம்பு மீண்டும் அகப்பட்டால் உடனே விட்டுவிடுவர். எடுத்த நச்சு உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கப்பட்டு மருந்து நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. இந்தியாவில் தயாராகும் நச்சுமுறி மருந்தின் பெரும்பகுதிக்கு இச்சங்கம் தந்த நச்சே மூலப்பொருளாக இருந்துவந்துள்ளது.

இதில் ஒரு குறையும் உள்ளது. ஒரே இனப் பாம்பின் நச்சும் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டு நச்சிலிருந்து செய்த மருந்து, வட மாநிலங்களின் பாம்புக்கடிக்கு முழுப்பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே பிற மாநிலங்களிலும் நச்சு சேகரிக்கவேண்டும் என ஆய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

2017-இல் சங்க உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிற்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகி உள்நாட்டு விலங்குகளை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளுள் 13-ஐ இரண்டு வாரங்களுக்குள் கண்டுபிடித்தனர். 2023-இல் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தடியிலிருந்து தொலைபேசிக்கு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. நடுங்கியவர் தடியெடுப்பதே முன்பு இயல்பாக இருந்தது. அவ்வாறு அடிக்கச் சென்று கடிபட்டவர்களும் பலர். இன்று பாம்பைக் கொல்வது சட்டப்படி குற்றம். தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தால், பயிற்சி பெற்றோர் வந்து பிடித்துச் செல்கின்றனர்.

அவர்கள் வரும்வரை செய்யவேண்டியவை சில. குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அப்புறப்படுத்த வேண்டும். பாம்பிலிருந்து விலகி நின்று, அது எங்கே செல்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே செல்லும் கதவைத் திறந்து, மற்ற அறைகளை மூடினால் பல பாம்புகள் தாமே வெளியேறிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் புகை போடுவதும் அதை வீட்டின் உட்பகுதிக்கே விரட்டும்.

பாம்பின் உருவம் கண்டு முடிவு செய்வது எளிதன்று. சுவரேறிப் பல்லி தின்னும் ஓநாய்ப் பாம்பு நச்சற்றது. ஆயினும் கட்டுவிரியனைப் போலவே பட்டைகள் உடையது. மண்ணுளிப் பாம்பு என்று எண்ணிக் கண்ணாடி விரியனைக் கையிலெடுத்தவர்களும் உண்டு. ஐயம் இருக்கும்வரை நச்சுப் பாம்பு என்றே கொள்ளவேண்டும்.

கடிபட்டால்

கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை தீங்கானவை. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுசெல்லத் தேவையில்லை. மருத்துவர் அறிகுறிகளைக் கண்டும், 20 நிமிட இரத்த உறைதல் சோதனை செய்தும் சிகிச்சையை முடிவு செய்வார். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 அவசர ஊர்தி, மாட்டுவண்டியில் பல மணி நேரம் சென்ற காலத்தின் இடைவெளியைக் குறைத்துள்ளது. அரசு மருத்துவமனைகளில் நச்சுமுறி மருந்து கட்டணமின்றித் தரப்படுகிறது.

இன்றைய நிலை

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்கும் தேசிய செயல்திட்டத்தை இந்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாக ஆணையிட்டது. இதன்படி மருத்துவமனைகள் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனினும் வீட்டளவில் செய்யவேண்டியவை பெரிதும் மாறவில்லை. எலியும் குப்பையும் சேராமல் வைத்தல், விறகையும் செங்கலையும் சுவரோடு அடுக்காதிருத்தல், கதவின் கீழ் இடைவெளியையும் சாக்கடைக் குழாயையும் அடைத்தல், இரவில் கைவிளக்கோடு நடத்தல், தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையின் ஓரத்தைப் பாயின்கீழ் செருகி உறங்குதல் ஆகியவையே அவை. கட்டில் வாங்க இயலாத வீட்டிலும் கொசுவலை கட்டுவிரியனிடமிருந்து பெருமளவு காக்கும்.