‘மாட்டேன்’ பிறந்த கதை

மறதி நோய் முற்றிய அம்மம்மா குளிசையை நாக்கால் வெளியே தள்ளுகிறார். “அவவுக்கு ஒண்டும் விளங்காது, கஞ்சிக்குள்ள கரைச்சுக் குடுங்கோ” என்கிறோம். விளங்காதவர் வேண்டாம் என்றால் அது கணக்கில் வருமா?

மொன்றியலில் இன்று வரும். முன்பு வரவில்லை.

மவுண்ட் றோயல் மலைச்சரிவில் கப்பல் முதலாளி ஹியூ அலனின் பழைய மாளிகை இருக்கிறது. 1940களில் அது அலன் மெமோரியல் மனநல நிலையமானது. அதை நடத்தியவர் டாக்டர் யூவன் கமரன். மனச்சோர்வு என்று வந்தவர்களை மருந்து கொடுத்து வாரக்கணக்கில் தூங்க வைத்தார்; மின்னதிர்ச்சி கொடுத்தார்; ஒரே வாசகத்தை ஒலிநாடாவில் ஓயாமல் ஓடவிட்டார். 1957 முதல் சில ஆண்டுகள் இதற்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் பணமும் வந்தது. சோதனை என்று நோயாளிகளிடம் யாரும் சொல்லவில்லை. நாஜிக் குற்றங்களுக்கான நியூரம்பேர்க் விசாரணைக்காக நாஜித் தலைவர் ஹெஸ்ஸின் மனநிலையைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் இதே கமரன்தான் என்பதை நினைத்தால் வாயடைத்துப் போகிறது. பாதிக்கப்பட்ட 9 பேர் தொடுத்த வழக்கில் சிஐஏ 1988இல் 7,50,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

நகரின் கிழக்கே சென்-ஜான்-து-தியூ மனநல மருத்துவமனையில் இருந்து வெளிவந்த ழான்-ஷார்ல் பஜே, 1961இல் உள்ளே கண்டதைப் புத்தகமாக எழுதினார். நாடே அதிர்ந்தது; விசாரணைக் குழு அமைந்தது.

சட்டப்படி சம்மதம் தர முடியாதவரிடமும் ‘சரியா?’ என்று கேட்கும் ‘இசைவு’ என்ற எண்ணம் எழுத்தில் ஏறியது குழந்தைகளுக்காக. 1983இல் அமெரிக்க ஆய்வு விதிகள், குழந்தை எதிர்க்கவில்லை என்பதையே இசைவாகக் கொள்ளாதே என்றன. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணமோ பெரியவர்களின் மறுப்பைப் பிடித்துக்கொண்டது. 1994 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, முடிவெடுக்க இயலாத பெரியவர் சிகிச்சையைத் திட்டவட்டமாக மறுத்தால், பிள்ளைகள் கையெழுத்துப் போட்டாலும் போதாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். அவசரத்துக்கும் குளிப்பாட்டுவது போன்ற துப்புரவுப் பராமரிப்புக்கும் மட்டும் விலக்கு. 23ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: இயலுமானால் நீதிபதி அந்த நபரையே கேட்க வேண்டும், உடல்நிலைக்குத் தேவைப்படாத சிகிச்சை என்றால் அவருடைய மறுப்பை மதிக்க வேண்டும்.

அதாவது, அறிவு தளர்ந்தாலும் ‘மாட்டேன்’ செத்துப்போவதில்லை. ஆனால் நீதிமன்றம் போகும் மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அனுமதியோடுதான் திரும்புகின்றன. சட்டம் கதவைத் திறந்து வைத்தது, அவ்வளவுதான்.

கஞ்சியில் கரைக்க முதல் ஒருக்கா அம்மம்மாவிடமே கேட்டுப் பாருங்கோ. வாயில் புண்ணாகவும் இருக்கலாம்.