விதிகளை இயைத்தல்: வலைப்பின்னல் நிரல்மொழிகளும் தென்காசிச் சூழலும்

மென்பொருள்வழி வலைப்பின்னல்களுக்கான உயர்நிலை நிரல்மொழிகள் எழுதும் வேலையை எளிதாக்குகின்றன என்பதே அவற்றைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் நியாயம். அது சிறிய பயன். தனித்தனியே எழுதப்பட்ட கொள்கைகளைப் பொருள் கெடாமல் இயைப்பதும், இயக்கும் முன்பே விளைவைச் சரிபார்ப்பதும்தான் அவற்றின் முதன்மைப் பயன் என்பது இக்கட்டுரையின் வாதம். வல்லுநர் பலர் இருக்கும் பெருநகரத் தரவு மையங்களைவிட, ஓரிருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தென்காசி போன்ற ஊர்களுக்கு இந்தப் பயன் கூடுதலாகத் தேவை.

இத்துறை தென்காசி மாவட்டத்துக்குப் புதிதன்று. மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஸோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருளையே உருவாக்கியது. அந்த மரபின் அடிப்படையான எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில் கருவியே அலகு: ஒவ்வொன்றிடமும் நிலையைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றிலும் மதிப்பை மாற்ற வேண்டும். 2008இல் வெளியான ஓப்பன்ஃப்ளோ, முடிவெடுக்கும் பொறுப்பை ஸ்விட்சிலிருந்து பிரித்து மையக் கட்டுப்படுத்தி ஒன்றிடம் தந்தது. வலைப்பின்னல் முழுவதும் ஒரே அலகானது. ஆனால் ஸ்விட்சின் விதி அட்டவணை எந்திர மொழி அளவிலேயே நின்றுவிட்டது.

இதன் சிக்கலை ஒரு கற்பனை வலைப்பின்னலால் விளக்கலாம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களின் கேமராக்கள் தென்காசிக் கட்டுப்பாட்டு அறையோடு இணைந்திருப்பதாகக் கொள்வோம். கேமராக் காட்சிகளின் அளவை எண்ண ஒரு நிரல். பாக்கெட்டுகளை மூன்று இலக்குகளுக்கு அனுப்ப இன்னொரு நிரல். ஒரு பாக்கெட் பல விதிகளுக்குப் பொருந்தினாலும் ஸ்விட்ச் முன்னுரிமை மிக்க ஒரு விதியை மட்டுமே செயல்படுத்தும். எண்ணும் விதி மேலே இருந்தால் காட்சி எண்ணப்படும், போய்ச் சேராது. அனுப்பும் விதிகள் மேலே இருந்தால் காட்சி சேரும், கணக்கு சுழியமாகும். தனித்தனியே சரியான இரண்டு நிரல்கள் சேர்ந்ததும் பிழையாகின்றன. கையால் திருத்த, எண்ணி அனுப்பும் விதிகள் மூன்றை மேலேயும் அனுப்ப மட்டும் செய்யும் மூன்றைக் கீழேயும் எழுத வேண்டும். கொள்கைகள் கூடக்கூட இவை பெருக்கல் கணக்கில் வளரும்.

கார்னெல், பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஃபிரெனெட்டிக் இந்தப் பெருக்கலைத் தொகுப்பியின் பொறுப்பாக்கியது. 2013இன் பைரெட்டிக், இணை இயைபு, தொடர் இயைபு என்ற இரண்டு செயலிகளைத் தந்தது. மேற்கண்ட இரு நிரல்களுக்கும் நடுவே ஒரு கூட்டல் குறி இட்டால் போதும்.

2014இன் நெட்காட் இன்னும் ஆழமாகச் சென்றது. டெக்ஸ்டர் கோசனின் சோதனையுடன் கூடிய கிளீனி இயற்கணிதத்தின் மேல் அமைந்த இம்மொழியில், ‘பயணிகளின் வைஃபையிலிருந்து கேமராவை எட்ட முடியுமா?’ என்ற கேள்வி ஒரு சமன்பாடாகிறது. அதன் விடையை எந்திரமே தீர்மானிக்கும். இங்கு சரிபார்ப்பு சோதனை ஓட்டம் அன்று, நிறுவல்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. மொழி தன் மாதிரியைப் பற்றித்தான் நிறுவுகிறது. கம்பி அறுவதும் நெரிசலும் மூல நெட்காட்டின் எல்லைக்குள் வருவதில்லை. தொகுப்பி உருவாக்கும் விதிகள் ஸ்விட்சின் நினைவகத்தில் அடங்காமலும் போகலாம். குற்றால மலைச்சரிவில் இவை அற்ப மறுப்புகள் அல்ல. பழைய குற்றாலத்தில் 2024 மே மாதத் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. அத்தகைய வேளையில் எச்சரிக்கைத் தகவல் தாமதமாவதை எந்த நிறுவலும் ஈடுசெய்யாது. எனினும் 2016இல் வந்த நிகழ்தகவு நெட்காட், பழுதையும் நெரிசலையும் கணக்கில் கொண்டு இந்த எல்லையை நகர்த்தியது. மேலும், கொள்கைப் பிழை இல்லை என்று முன்பே தெரிந்தால், கோளாறு நேரும்போது தேட வேண்டிய இடம் கம்பியும் கருவியும் மட்டுமே. ஆள் குறைந்த இடத்தில் இது பெரிய மிச்சம்.

நெல்லை, தென்காசி வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் கருவிக் கட்டளைகளை மனப்பாடம் செய்விப்பதோடு நிற்கலாகாது. கொள்கை இயைபையும் சமன்பாட்டு நிறுவலையும் பாடமாக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த ஸ்விட்சுகள் தேவையில்லை. ஒரு முழு வலைப்பின்னலை ஒரே மடிக்கணினிக்குள் இயக்கிக் காட்டும் மினிநெட் 2010 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.