இணையப் போர் விளையாட்டுகளில் இலக்கும் அணிச் செயலும்

1. முன்னுரை

போரைப் பாடுபொருளாகக் கொண்டு ஆராய்ந்த தமிழ் இலக்கண நூலார் அதனை ஒரே நிகழ்ச்சியாகக் கருதினாரல்லர். ஆனிரை கவர்தலை வெட்சி என்றனர். அரணை வளைத்துக் கொள்ளுதலை உழிஞை என்றனர். பிறிதொரு பயன் கருதாது வலிமையை நிலைநாட்டவே பொருதலைத் தும்பை என்றனர். ஒவ்வொரு போரும் எதனைக் குறித்து நிகழ்கின்றது என்பதே இப்பகுப்பிற்கு அடிப்படையாகும். குறிக்கோள் வேறாயின் வீரர் நிற்கும் இடமும் செய்யும் தொழிலும் வேறாதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இணையவழி அணி அணியாக ஆடப்பெறும் கணினிப் போர் விளையாட்டுகளின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்யும். இவ்விளையாட்டுகள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா முதலிய நிலங்களில் தோன்றியவை. அவற்றிற்கும் நம் இலக்கணத்திற்கும் வரலாற்றுத் தொடர்பு யாதும் இல்லை. எனினும், எதிரியைக் கொல்லுதல் வேறு, இலக்கை எய்துதல் வேறு என்னும் உண்மையை ஆட்டக்காரர் எவ்வாறு படிப்படியாக உணர்ந்தனர் என்பதை ஆராய்தல் பயனுடைத்தென யாம் கருதுகின்றோம்.

2. கொலைக் கணக்கினின்று இலக்கிற்கு

1993ஆம் ஆண்டில் வெளிவந்த டூம் என்னும் விளையாட்டில் ஆட்டக்காரர் தம்முள் பொரும் முறை டெத்மேட்ச் எனப்பட்டது. ஆங்கு மிகுதியாகக் கொன்றவனே வென்றவன். இதனைத் தும்பையோடு ஒப்பிடலாம். 1996இல் குவேக் என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு ஆர்வலர் இயற்றிய கொடி கவரும் ஆட்டமும், ஆஸ்திரேலிய இளைஞர் மூவர் இயற்றிய டீம் ஃபோர்ட்ரஸும் அவ்வாண்டிலேயே தோன்றின. கொடி ஆட்டத்தில் பகைவர் கொடியைக் கவர்ந்து தம் தளம் சேர்த்தல் வேண்டும். சேர்க்குங்கால் தம் கொடி தம் தளத்தில் இருத்தலும் வேண்டும். இவ்விரண்டாம் விதி சிறிதெனினும் அதன் விளைவு பெரிது. கவரச் செல்வாரும் காத்து நிற்பாரும் என அணி இருபாலாகப் பிரிய நேர்ந்தது. வெட்சியும் கரந்தையும் ஒரே அணியினர்க்கு ஒரே காலத்துக் கடமைகளாயின.

1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவரும் இயற்றிய கவுண்டர்-ஸ்டிரைக் இதனை மேலும் தெளிவாக்கிற்று. அதன் ஒருவகை ஆட்டத்தில் ஓரணி குறித்த இடத்தில் குண்டு வைத்தல் வேண்டும். மற்றோரணி அதனைத் தடுத்தல் வேண்டும். குண்டு வைத்தபின் வைத்தோர் அனைவரும் மாண்டாலும் அது வெடித்துவிடின் வெற்றி அவர்களுக்கே. அதனைச் செயலிழக்கச் செய்யப் பத்து நொடி வேண்டும். உரிய கருவி இருப்பின் ஐந்து நொடி போதும். எனவே, இறுதிப் பகைவனை வீழ்த்தியும் அப்பத்து நொடி எஞ்சாமையால் தோற்ற அணிகள் பல. இறந்தோர் வெல்லலும் உயிரோடு நின்றோர் தோற்றலும் இவ்வாட்டத்தில் இயல்பு.

3. அராத்தி பேசின்: ஓர் எடுத்துக்காட்டு

இலக்கு நோக்கிய அணிச்செயலை விளக்குதற்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் 2005ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட அராத்தி பேசின் என்னும் களத்தினும் சிறந்ததொன்றை யாம் கண்டிலோம். பக்கத்திற்குப் பதினைவர் பொருவர். தொழுவம், கொல்லுலை, மர ஆலை, பொற்சுரங்கம், பண்ணை என ஐந்து தளங்கள் உள. தளத்தின் கொடியைத் தொட்டுச் சில நொடி தாக்குறாது நின்றால் அது கைமாறத் தொடங்கும். அதன்பின் ஒரு நிமிடம் கழிந்தே உரிமை முற்றுப்பெறும். உரிமையுற்ற தளங்கள் புள்ளி ஈட்டித் தரும். தொடக்ககால விதிப்படி 2000 புள்ளியை முதலில் எட்டிய அணி வென்றது. பிற்காலத்தில் அவ்வெல்லை குறைக்கப்பட்டது.

தளங்களின் தொகைக்கேற்பப் புள்ளி சேரும் விரைவு வேறுபட்டது. ஒரு தளம் 12 நொடிக்குப் பத்துப் புள்ளி தரும். இரண்டு 9 நொடிக்கும், மூன்று 6 நொடிக்கும், நான்கு 3 நொடிக்கும் அப்பத்தினைத் தரும். ஐந்தும் கைப்பட்டால் நொடிக்கு முப்பது. இவ்வளவையை ஆராய்ந்தால் களத்தின் இயல்பு முழுவதும் புலனாகும். மூன்று தளங்களைத் தொடக்கம் முதல் காத்து நிற்கும் அணி இருபது நிமிடத்தில் 2000ஐ எட்டும். இரண்டைக் கொண்ட அணி அப்பொழுது 1333 அளவிலேயே நிற்கும். ஆகவே மூன்றே வெற்றிக்குப் போதும். நான்காவதையும் ஐந்தாவதையும் அவாவிச் செல்லும் அணி, தன்னிடமுள்ள மூன்றனுள் ஒன்றைக் காவலின்றி விடுகின்றது. பதினைவர் படையால் ஐந்து இடங்களைக் காத்தல் அரிது. மூன்று இடங்களைக் காத்தல் இயலும்.

எனினும் மூன்று போதும் என்பது எக்காலத்துக்கும் பொருந்தும் விதியன்று. எதிரணி 1000 புள்ளியும் தம்மணி 500 புள்ளியும் பெற்ற நிலையில் தம்மவர் மூன்று தளங்களைக் கைப்பற்றினர் எனக் கொள்வோம். அவற்றை இறுதிவரை இழவாது காப்பினும், பதினைந்து நிமிடங்கழித்து இரண்டு அணியும் ஒரே நேரத்தில் 2000ஐ எட்டும். இடையில் ஒரு தளம் ஒரு நிமிடம் கைநழுவினும் தோல்வியே. அந்நிலையில் நான்காவது தளத்திற்குத் துணிந்து செல்லுதல் பேராசையன்று. கணக்கு வற்புறுத்தும் கடமை. நான்கைக் காப்பின் ஏழரை நிமிடத்தில் 2000 நிறையும். எதிரணி 1375இல் நிற்கும். முன்னிற்கும் அணிக்குப் பொறுமையும் பின்தங்கிய அணிக்குத் துணிவும் வேண்டும் என்பதை இக்கணக்கால் அறியலாம்.

4. காவலும் செய்தியும்

இக்களத்தில் இறந்தவன் சிறிது நேரம் கழித்து மீண்டும் உயிர்பெற்று வருவான். அவனணியின் கைப்பட்ட தளத்தில் வீழ்ந்தானாயின் அத்தளத்தின் அருகிலேயே எழுவான். எனவே தளத்தைக் காப்பவனை ஆங்கே கொல்லுதல் அவனைச் சில நொடி அப்புறப்படுத்துதலே அன்றி அழித்தலாகாது. அச்சில நொடிக்குள் கொடியைத் தொடாதவன் கொன்றும் பயன் கண்டிலன். வழிநடுவில் நிகழும் கைகலப்போ இருசாரார்க்கும் ஒரு புள்ளியும் தாராது. ஆயினும் புதியோர் பலர் வழிநடுவிலேயே பொருது காலங்கழிப்பதைக் காணலாம்.

தேர்ந்த அணியினர் தம் படையை இருவகையாகப் பகுப்பர். ஒருவரோ இருவரோ ஒவ்வொரு தளத்திலும் நிலைபெறுவர். எஞ்சியோர் வேண்டுமிடத்திற்கு விரையும் ஓடும்படையாவர். காவலனது முதற்கடமை வெல்லுதலன்று. வருவோர் எத்துணையர், எங்கு வருகின்றனர் என்பதை உடனே தன்னணிக்கு அறிவித்தல். அடுத்த கடமை கொடி தொடும் பகைவனை இடைவிடாது தாக்கி, உதவி வரும்வரை காலத்தை நீட்டித்தல். அறுவர் வருகின்றனர் என்னும் ஒரு செய்தி, எதிரணியில் ஒன்பதின்மரே ஏனைய இடங்களில் உளர் என்பதையும் தெரிவிக்கின்றது. அறிந்த அணி பிறிதொரு தளத்தைத் தாக்கி ஈடுசெய்யும். காவலன் மாண்டாலும் அவன் அனுப்பிய சொல் பயன்படும்.

5. ஒரு மறுப்பும் விடையும்

முதலில் பகைவரை ஒழித்தால் இலக்குத் தானே கிட்டும் என்பார் உளர். இக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லையென யாம் கூறோம். இறந்தவன் அச்சுற்று முழுதும் மீளாத கவுண்டர்-ஸ்டிரைக்கில் பகைவரைக் குறைத்தல் பேருதவியாகும். ஆனால் மீண்டெழும் களங்களில் அது பொருந்தாது. ஆல்ட்ராக் வேலி என்னும் களத்தில் பக்கத்திற்கு நாற்பதின்மர் பொருவர். 2005இல் அஃது அறிமுகமானபொழுது பகைத் தலைவனைக் கொல்லுதலே முடிவு; போர் பல மணி நேரம் நீடித்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் ஒவ்வோரணிக்கும் 600 துணைப்படை என்னும் எண்ணை வகுத்தது. ஓர் ஆட்டக்காரன் இறப்பின் ஒன்று குறையும். ஒரு காவற்கோபுரம் அழியின் 75 குறையும். ஒரு கோபுரத்தைக் காத்து நிற்றல் எழுபத்தைந்து உயிரைக் காத்தலோடு ஒக்கும் என விதியே அளந்து காட்டிற்று.

இங்குப் பிறிதொன்றும் கருதத்தக்கது. 2005ஆம் ஆண்டில் அவ்விளையாட்டில் தனியொருவர்க்குரிய மதிப்பு பெரும்பாலும் கொலையைப் பற்றியே அளிக்கப்பட்டது. அணியின் வெற்றி காவலை வேண்டிற்று. தனியொருவன் பெறும் சிறப்போ கொலையை வேண்டிற்று. இம்முரணே பல தோல்விகளின் வேர். தளத்தைத் தாக்கியதும் மீட்டதும் முடிவுப்பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் எவரும் அணுகாவண்ணம் இருபது நிமிடம் நின்ற காவலனுக்கு அப்பட்டியலில் எண் இல்லை. அவன் நின்றமையாலன்றோ பகைவர் அவ்வழி வந்திலர்? வாராத பகையைக் கணக்கிடும் பட்டியலை இதுவரை எவரும் இயற்றிலர்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். இலக்குடைய போரில் கொலை கருவியே அன்றிப் பயன் அன்று. எத்துணை இலக்கை நாடுவது என்பதைக் காலமும் புள்ளியும் உறுதிசெய்யும். ஆர்வம் உறுதிசெய்தல் கூடாது. அணியின் வலிமை அதன் சிறந்த வீரனைக் காட்டிலும் அதன் காவலனது பொறுமையையும் செய்தியையும் பற்றி நிற்கும்.

2003இல் தோன்றிய டோட்டா முதலிய பின்வந்த ஆட்டங்களும் பகைவர் நடுக்கட்டடத்தை வீழ்த்துதலையே முடிவாகக் கொண்டன. கொலைக் கணக்கில் முந்திய அணி தோற்றலை அவற்றிலும் காண்கின்றோம். நிரை மீட்டுப் பட்டவனுக்கு ஊரார் நடுகல் எடுத்துப் பெயர் பொறித்த மரபை நாம் அறிவோம். காத்தவனை நினைத்தல் ஊரின் கடன் என அவர்கள் கொண்டனர். விளையாட்டை இயற்றுவோர் வெற்றியை வரையறுத்தல் மட்டும் அமையாது. அவ்வெற்றிக்காக நின்றவனையும் எண்ணுதல் வேண்டும். அவனை எண்ணாத களத்தில் நிற்பதற்கு ஆள் கிடைத்தல் அரிதாகும்.