கோமுகியும் குழாயும்

வட்டக்கோட்டை மதில்மேல் ஏறி நிற்பவனைக் கடலின் ஈரக்காற்று வந்து சூழ்ந்துகொள்ளும். 1741-ஆம் ஆண்டு குளச்சல் யுத்தத்தில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவிடம் சிறைப்பட்டு, பின்பு அவருடைய சேனைக்கே தளகர்த்தராக விளங்கிய டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய் கருங்கல்லால் வலுப்படுத்திய இக்கோட்டை, அந்த ஈரத்தைப் பொறுத்து இன்றும் நிற்கிறது. ஆனால் இக்கரையோரத்து ஊர்களில் செங்கல்லும் சிமெண்டுமாக எழும்பிய வீடுகளுக்குள் ஏ.சி. இயந்திரம் புகுந்த நாள்முதல், அதே காற்றிலுள்ள நீர் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து சுவருக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறது. அந்நீரை வெளியேற்றும் வித்தை நமக்குப் புதிதன்று.

நம் சிவாலயங்களில் கர்ப்பக்கிருகத்தின் வடபுறத்தே நீண்டிருக்கும் கோமுகியைப் பாருங்கள். அபிஷேக தீர்த்தம் உள்ளே தேங்காதபடி தளத்தைச் சரித்து, அது சுவரோடு வழிந்து அதிஷ்டானத்தைக் கறைப்படுத்தாதபடி கல் நாவை வெளியே நீட்டி வைத்த ஸ்தபதி, பள்ளம் நோக்கி ஓடும் நீரே விளிம்பைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி ஊரவும் செய்யும் என்னும் அதன் சுபாவத்தை நன்கு அறிந்தவர். நான்கு கூரைகளும் ஒருங்கே மழையைக் கொட்டும் நடுமுற்றத்து வீடுகளிலும் அதே அறிவுதான்: ஒரு மூலை நோக்கிச் சாய்ந்த தளம்; அங்கிருந்து தென்னையின் தூருக்கு நீரைக் கொண்டுசெல்லும் தூம்பு; அடைத்துக்கொண்டால் ஓர் ஈர்க்குக் கட்டால் குத்திவிடலாம். வழி கண்ணெதிரே இருந்தமையால் நோயும் கண்ணெதிரே தெரிந்தது.

ஏ.சி. பிறந்த கதையும் ஈரத்தைப் பற்றியதே. 1902-ஆம் ஆண்டு, புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வர்ணங்கள் பிசகியதற்குப் பரிகாரம் தேடிய வில்லிஸ் கேரியர் என்ற இளைஞர், குளிர்ந்த குழாய்களின்மீது காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்த வழி கண்டார். ஆகவே, நீரைப் பிரிப்பது ஏ.சி.யின் உபதொழிலன்று, பிறவித் தொழிலே. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் ஒன்பது கிராமுக்குச் சற்றே அதிகம். மிச்சம் முழுவதும், குளிர்நீர் நிறைந்த பித்தளைச் செம்பு வியர்ப்பதுபோல், இயந்திரத்துச் சுருளில் படிந்து கீழுள்ள தட்டில் விழுகிறது.

தட்டிலிருந்து புறப்படும் குழாய்க்கு ஓரடி நீளத்துக்கு அரைக்கால் அங்குலமாவது சரிவு வேண்டும். நடுவில் தொய்ந்தால் அவ்விடத்தில் நீர் தேங்கி, தூசியும் பாசியும் சேர்ந்து வழுவழுப்பான சேறாகி அடைக்கும். தட்டு நிரம்பிச் சுவரில் வழியும். குழாயின் கடைசி நுனியை வாளி நீருக்குள் முக்கி வைப்பதும் தவறு. உள்ளே அகப்பட்ட காற்று நீரைத் தடுக்கும். இத்தனை நுட்பமுள்ள வழியைப் பூச்சுக்குள் புதைத்து மறைத்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். கோமுகியைப் போல் சுவரைத் தாண்டி நீட்டிவிட்ட நுனியை அழகுக்குறைவென்று எண்ணி வெட்டிவிடுவோரும் உண்டு. விவரமறிந்த கொத்தனார் அவ்வாறு செய்யார். பூசுவதற்கு முன் மேல்முனையில் ஒரு செம்பு நீரை ஊற்றி, அது தங்குதடையின்றிக் கீழே வந்து விழுந்ததைக் கண்ட பின்னரே கரண்டியைக் கையில் எடுப்பார்.