கோஹாகொடைக் குப்பைமேடும் பேராதனை ஆய்வும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்ததும் பிலிமத்தலாவை. அங்கிருந்து சில மைல் தொலைவில் பேராதனைப் பல்கலைக்கழகம். மகாவலிக் கரையில் அமைந்த அந்த வளாகத்தின் எழிலைப் பாடாத பழைய மாணவர் இல்லை. ஆனால் அதே ஆற்றைக் காக்க அங்கு நிகழ்ந்த ஆய்வுகளை அறிந்தோர் சிலரே.

விவசாய பீடத்தின் பொறியியல் பேராசிரியராக இருந்த பி.எப்.ஏ. பஸ்நாயக்க திண்மக் கழிவு ஆய்வில் நீண்டகாலம் உழைத்தவர். கண்டி மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக ஆற்றங்கரைக் கோஹாகொடையில் கொட்டப்பட்டு வந்தது. அதற்குக் கீழே உள்ள பொல்கொல்லையில், 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி வறண்ட வலயத்துக்குத் திருப்பப்படுகிறது. எஞ்சிய ஆறு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. எனவே இதைக் கண்டியின் பிரச்சினையாக மட்டும் கருதுவது தவறு.

எமது குப்பையில் சமையற் கழிவே அதிகம். மழைநீர் அதனூடே இறங்கும்போது கறுத்த கழிவுநீராக மாறி நிலத்திலும் ஆற்றிலும் சேர்கிறது. பஸ்நாயக்கவும் அவரது மாணவர்களும் பெரிய உருளைகளில் குப்பையை நிரப்பி, கசியும் நீரை அளந்து ஆராய்ந்தனர். அடித்தளத்துக்கு விலைகூடிய இறக்குமதி விரிப்புக்கு மாற்றாக, இரு களிமண் படைகளுக்கு இடையே பொலித்தீனை வைக்கும் மலிவான முறையையும் சோதித்தனர். ஏழை நாட்டின் உள்ளூராட்சி மன்றத்துக்கு இயலக்கூடிய தீர்வு எது என்பதே அவர்களின் கேள்வி.

2000களின் தொடக்கத்தில், பாங்கொக்குக்கு அருகிலுள்ள ஆசிய தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் சி. விஸ்வநாதன் முதலானோர் சுவீடன் நிதியுதவியுடன் நடத்திய ஆய்வுத் திட்டத்தில் பேராதனையும் சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் பங்கேற்றன. சென்னையில் குரியன் ஜோசப் குழுவினர் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகளைத் தோண்டிப் பார்த்து, பழைய குப்பையில் பெரும்பங்கு மண் போன்று மட்கிவிட்டதைக் கண்டனர். அம்மேடுகளைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணியைச் சென்னை மாநகராட்சி பேரளவில் தொடங்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றன.

அறிவு கிடைத்த நாளுக்கும் அதன்படி நடக்கும் நாளுக்கும் இடையே நீளும் இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். குப்பையை எப்படிக் கையாள வேண்டும் என்பதை எமது பல்கலைக்கழகங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதி வைத்திருந்தன. ஆய்வாளர் தம் கடமையைச் செய்தார்கள். அவற்றை வாசித்துச் செயற்பட வேண்டியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.